500 ரூபாய்க்கு அறியாத இசை: எங்கே தேடுவது, எங்கே வாங்குவது, எப்படி அனுப்புவது

அலுவலகத்தில் பக்கத்து சீட்டில் உட்காரும் பையன் போன மாதம் ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே, நீங்க கேக்குற அந்த யாருக்குமே தெரியாத எலக்ட்ரானிக் பாட்டெல்லாம் எங்க பிடிக்கிறீங்க? மாசம் 500 ரூபா ஒதுக்குறேன், எதுக்குக் கட்டணும்னு மட்டும் சொல்லுங்க." ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். டீ ஆறிப்போனது, மீட்டிங்குக்கு நேரமானது, ஏன்டா கேட்டோம் என்கிற முகத்தோடு அவன் எழுந்து போனான். அன்றைக்குச் சொல்லி முடிக்காததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த மாதிரி ஒப்பீடுகளில் வழக்கமாக எத்தனை பாட்டு இருக்கிறது, ஒலித்தரம் என்ன, மாதக் கட்டணம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நமக்கு அதில் எதுவும் பெரிதாக உதவாது. ஸ்பாட்டிஃபையில் 10 கோடிக்கும் மேல் டிராக்குகள் இருக்கின்றன, சரி, அதனால் என்ன? நான் தேடுவது அதற்குள்ளேயே இருந்தாலும் என் கண்ணில் படாது என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். நான் பார்ப்பது வேறு: ஒரு டிராக் பிடித்துப்போனால், அதிலிருந்து அடுத்ததுக்குப் போக நூல் கிடைக்கிறதா? யார் செய்தது, எந்த ஊர், எந்த லேபிள் (வெளியிட்ட நிறுவனம்), இதை எனக்கு முன்னால் கேட்டு உருகிய ஆள் வேறு எதையெல்லாம் கேட்கிறார்? இது கிடைத்தால் ஒரு பாட்டு பத்துப் பாட்டாகும். கிடைக்காவிட்டால் எவ்வளவு நல்ல பாட்டானாலும் அங்கேயே முட்டி நிற்கும்.

நூல் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டுக் கதையே ஒன்று இருக்கிறது. பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங் 1982-இல் ரோலண்ட் கம்பெனியின் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 ஆகிய மூன்று மின்னணு இசைக்கருவிகளை வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் எல்.பி. இசைத்தட்டு போட்டார். டிபி-303 உண்மையில் பேஸ் கிதாருக்கு மாற்றாக விற்கப்பட்ட பெட்டி, அந்த வேலைக்கு அது தேறவில்லை, பிற்பாடு சிகாகோவில் அதை வைத்துத்தான் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசைப் பாணியே பிறந்தது, அதில் முதல் இசைத்தட்டு என்று பலரும் சொல்வது வெளிவந்தது 1987-இல். அதற்கு 5 ஆண்டு முன்பே கிட்டத்தட்ட அதே ஓசையை இங்கே ஒருவர் பைரவ், லலித் ராகங்களுக்குப் போட்டுவிட்டார். விற்கவில்லை, மறந்துபோனார்கள். எடோ பௌமன் என்ற டச்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் அதை டெல்லியில் கண்டெடுத்து, சிங்கையும் தேடிப் பிடித்து, 2010-இல் மறுவெளியீடு செய்தார். 28 வருடம். நடுவில் ஒரு கை இல்லையென்றால் அது இன்னும் ஏதாவது பழைய இசைத்தட்டுக் கட்டுக்குள் தூசி தின்றுகொண்டிருக்கும். 2015-இல் சிங் இறப்பதற்குள் வெளிநாட்டு மேடைகளில் அதை வாசித்துவிட்டார் என்பது ஒரு நிம்மதி.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஸ்பாட்டிஃபையை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பையன் மனதில் இருந்தது அதுதான். திங்கள்தோறும் 30 பாட்டுகளோடு வரும் டிஸ்கவர் வீக்லி 2015-இல் தொடங்கியபோது நிஜமாகவே நன்றாக இருந்தது, இன்றும் பல பேருக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அது நான் ஏற்கெனவே விரும்பியதன் அண்டை வீட்டையே காட்டுகிறது. ஒரு வாரம் ஆம்பியன்ட் (பின்னணியில் மெல்ல ஓடும் இசை) போட்டுக்கொண்டு தூங்கினால் அடுத்த மூன்று வாரம் மழைச்சத்தமும் பியானோவும்தான். அப்புறம் அந்தப் பெயர்களைத் தட்டிப் பார்த்தால் நூல் இருக்காது. ஊர் இல்லை, படம் இல்லை, ஒரு கச்சேரி நடந்த தடயம் இல்லை, ஆனால் லட்சக்கணக்கில் கேட்டிருக்கிறார்கள். இது என் சந்தேகப் புத்தி மட்டும் அல்ல. சுமார் 20 பேர் 500-க்கும் மேற்பட்ட பெயர்களில் இசை ஏற்றியிருப்பதை ஸ்வீடன் நாளிதழ் டாகென்ஸ் நைஹெட்டர் 2022-இல் எழுதியது. இல்லாத ஆளின் அடுத்த ஆல்பத்தை எங்கே போய்த் தேடுவது?

பணத்தைப் பொறுத்தவரை இன்னொன்று. 2024-லிருந்து, கடந்த 12 மாதங்களில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத டிராக்குக்கு ஸ்பாட்டிஃபையில் ஒலிப்பதிவுக்கான பங்குத்தொகை கிடையாது. தமிழ் சினிமாப் பாட்டுக்கு ஆயிரம் என்பது ஒரு நிமிடக் கணக்கு. நாம் பேசிக்கொண்டிருக்கிற இசைக்கோ, பல ஆல்பங்கள் வருடம் முழுக்க அந்த ஆயிரத்துக்குள்ளேயேதான் சுற்றுகின்றன. ஆக நான் கட்டும் சந்தா, நான் கேட்ட ஆளைத் தவிர மற்ற எல்லோருக்கும் போகிறது. பஸ்ஸில் போகும்போது கேட்க இலவசக் கணக்கு இருக்கட்டும். 500 ரூபாய் இதற்கு இல்லை.

யூடியூப் வேறு ரகம். நூலெல்லாம் கிடையாது, ஆனால் விபத்து நடக்கும், அதுவும் அழகான விபத்து. ஜப்பானிய ஆம்பியன்ட் கலைஞர் ஹிரோஷி யோஷிமுரா 2003-இல் இறந்துபோனார். 1986-இல் வந்த அவருடைய ஆல்பம் ஒன்றை யாரோ ஏற்றிவைக்க, யூடியூபின் பரிந்துரை அதை எடுத்து எடுத்து உலகம் முழுக்கப் பரப்பி, கடைசியில் 2020-இல் அதற்கு முறையான மறுவெளியீடே வந்தது. நள்ளிரவில் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் பச்சை இலைப் படத்தோடு அது தானாக ஓட ஆரம்பித்ததை என்னைப் போலவே நிறையப் பேர் சொல்வார்கள். கமெண்டுகளில்தான் அங்கே உயிர்: யாராவது ஒருவர் லேபிள் பெயரை, கருவியின் பெயரை எழுதியிருப்பார். ஆனால் ஏற்றிய கணக்கின் மேல் காப்புரிமைப் புகார் வந்தால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும். எனக்கு அப்படிப் போன ஒரு சேனலில் சுமார் நாற்பது பழைய கிழக்கு ஐரோப்பிய சிந்தசைசர் இசைத்தட்டுகள் இருந்தன. சேமித்துவைத்த பட்டியலில் இப்போது 'நீக்கப்பட்ட வீடியோ' என்ற சாம்பல் கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன, பெயர்கூடத் தெரியாது. அன்றிலிருந்து பிடித்த எதையும் முதலில் பெயரோடு ஒரு நோட்டில் எழுதிவிடுகிறேன்.

சவுண்ட்கிளவுட் 2007-இல் பெர்லினில் ஆரம்பித்தது. முடிக்காத டிராக், ரீமிக்ஸ், ஒரு மணிநேர டிஜே மிக்ஸ் எல்லாம் முதலில் வந்து விழும் இடம் இன்றும் அதுதான். எவ்வளவு பெரிய ஆளும் அங்கே சும்மா ஏற்றுவார். 2015-இல் அஃபெக்ஸ் ட்வின் என்ற பிரபல எலக்ட்ரானிக் கலைஞர் 'யூசர்' என்பதோடு வெறும் எண்களைச் சேர்த்துப் பெயராக வைத்த ஒரு கணக்கில் வெளியிடாத டிராக்குகளை 100-க்கும் மேல் கொட்டினார். அங்கே எனக்குப் பிடித்தது அலைவடிவத்தின் மேலேயே ஒட்டிக்கொள்ளும் கமெண்டுகள். ஒரு மிக்ஸில் 23-ஆவது நிமிடம் பேஸ் இறங்கும் இடத்தில் பார்த்தால் பத்துப் பதினைந்து சின்னப் படங்கள் ஈ மொய்த்த மாதிரி நிற்கும், ஒவ்வொன்றும் 'ஐடி?' 'ஐடி?' (இது என்ன பாட்டு?) என்று கெஞ்சும். ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு புண்ணியவான் பதில் போட்டிருப்பார், சில சமயம் அந்தப் பாட்டைச் செய்தவரே வந்து 'என்னுடையதுதான், இன்னும் வெளியிடவில்லை' என்பார். பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் ஆப்பைக் காட்டினால் இதெல்லாம் பிடிபடாது. வெளிவராத டிராக் அதன் கிடங்கில் இருக்காது, டிஜே வேகத்தைக் கூட்டிக் குறைத்திருந்தால் அதற்குத் தலை சுற்றும்.

ஆனால் சவுண்ட்கிளவுடை நம்பி எதையும் விட்டுவைக்க முடியாது. 2017-இல் 173 பேரை வேலையை விட்டு அனுப்பியபோது கம்பெனி மூடப்போகிறது என்றே பேசினார்கள், மூடவில்லை. மூடாமலேயே தொலைக்க முடியும் என்பதை பழைய சமூக வலைத்தளமான மைஸ்பேஸ் காட்டிவிட்டது: சர்வர் மாற்றும்போது 2003 முதல் 2015 வரை ஏற்றிய இசை முழுவதும் போய்விட்டது என்று 2019-இல் ஒப்புக்கொண்டார்கள். சுமார் 5 கோடி பாட்டுகள் என்கிறார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் அதில் திரும்ப மீட்டுக் கொடுத்தது சுமார் 4,90,000. மற்றதெல்லாம் ஒரு தலைமுறையின் படுக்கையறை இசை, சொந்தக் கணினியிலும் வைத்துக்கொள்ளாதவர்களுக்கு அவ்வளவுதான்.

இனி இணைய வானொலி. இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் ஹாக்னி பகுதியில், கில்லட் சதுக்கத்தில் ஒரு சின்ன அறையிலிருந்து 2011-இல் ஃபெமி அடியேமி தொடங்கிய என்டிஎஸ் இன்று இரண்டு அலைவரிசையாக 24 மணிநேரமும் ஓடுகிறது. விளம்பரம் இல்லை, ஆப் போட்டால் போதும், பணம் கேட்பதில்லை, விரும்பினால் ஆதரவாளராகச் சேரலாம். டெல்லியில் 2017-இல் தொடங்கிய பாக்ஸ்அவுட் எஃப்எம், லாஸ் ஏஞ்சல்ஸில் 1999-லிருந்து இருக்கிற டப்லாப் எல்லாம் இதே குடும்பம்.

வானொலியில் ஒரு ஆள் இருக்கிறார், மற்ற எல்லாவற்றிலிருந்தும் அதைப் பிரிப்பது அதுதான். மாதம் ஒருமுறை வந்து ஒரு மணிநேரம் தன் பெட்டியைத் திறப்பார். சிலர் பேசவே மாட்டார்கள், சிலர் தொண்டையைச் செருமிக்கொண்டு தப்புத்தப்பாகப் பெயர் சொல்வார்கள், ஒருமுறை ஒருவர் தப்பான வேகத்தில் இசைத்தட்டைப் போட்டு இரண்டு நிமிடம் கழித்துத்தான் கண்டுபிடித்தார், அதுவே அந்த வாரம் எனக்கு மிகப் பிடித்த பாட்டாக இருந்தது. நான் எதை விரும்புவேன் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை. அதனால்தான் 1970-களின் ஈரானிய பாப்புக்கு அப்புறம் மான்செஸ்டர் டெக்னோவும், அதற்கடுத்து யாரோ வீட்டு ஹார்மோனியமும் வரும். பிடிக்காத இருபது நிமிடத்தைத் தாண்டித்தான் பிடித்த நான்கு நிமிடம் வரும், அந்த இருபது நிமிடமும் காதைத் தயார் செய்துகொண்டிருக்கும் என்பது என் கட்சி. ஸ்கிப் பட்டன் இருந்திருந்தால் பாதி விஷயங்கள் எனக்குப் பிடித்திருக்காது.

நிகழ்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் பாட்டுப் பட்டியல் பக்கத்தில் இருக்கும். அது தங்கம். அதில் ஒரு பெயரைத் தட்டினால் அதே பாட்டை வேறு எந்த நிகழ்ச்சியில் யார் போட்டார்கள் என்று காட்டும், அந்த நிகழ்ச்சியைத் திறந்தால் அடுத்த நூல். நேரடியாகக் கேட்கவேண்டும் என்றுகூட இல்லை. லண்டனில் இரவு 10 மணி என்றால் இங்கே வெயில்காலத்தில் 2:30, குளிர்காலத்தில் 3:30. கூர்க்காவும் நாயும்தான் விழித்திருக்கும். பழைய நிகழ்ச்சிகள் எல்லாம் சேமிப்பில் இருக்கின்றன, ஞாயிறு மதியம் துணி மடிக்கும்போது கேட்டுக்கொள்ளலாம். குறை ஒன்று உண்டு: யாருடைய ரசனை நமக்கு ஒத்துவருகிறது என்று கண்டுபிடிக்கவே இரண்டு மூன்று மாதம் ஆகும், முதல் வாரத்திலேயே நான்கு நிகழ்ச்சி கேட்டுவிட்டு 'ஒண்ணும் புரியலண்ணே' என்று விட்டவர்கள் எனக்கே மூன்று பேரைத் தெரியும்.

வானொலியில் கேட்டோம், பட்டியலில் பெயர் கிடைத்தது, அடுத்து? கலைஞர்களிடமிருந்தே இசையை விலைக்கு வாங்கும் தளமான பேண்ட்கேம்ப். என்னுடைய 500 ரூபாய் போகும் இடம் இதுதான், காரணம் அறம் மட்டும் என்று நினைக்கவேண்டாம். கணக்கும் இருக்கிறது: டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம், விற்பனை 5,000 டாலரைத் தாண்டிய கலைஞருக்கு 10 சதவீதம், பணம் செலுத்தும் கட்டணம் தனி. 5 டாலருக்கு ஓர் ஆல்பம் வாங்கினால் 4 டாலரை ஒட்டிச் செய்தவர் கைக்குப் போகிறது, அவருக்கு அது சுமார் ஆயிரம் ஸ்ட்ரீமுக்குச் சமம். எனக்கு ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் ஃபைலாகவே டவுன்லோடு கிடைக்கிறது, யாரும் திரும்பப் பிடுங்க முடியாது.

ஆனால் நான் அங்கே மணிக்கணக்கில் கிடப்பது அட்டைப்படத்துக்குக் கீழே வரிசையாக இருக்கும் சின்னச் சின்னச் சதுரங்களுக்காக. அந்த ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள். சிலர் ஒரு வரி எழுதியிருப்பார்கள், பிடித்த டிராக் எது என்று குறித்திருப்பார்கள். ஒன்றைத் தட்டினால் அந்த ஆளின் மொத்தச் சேகரிப்பும் திறக்கும். போன வருடம் ஜார்ஜியா நாட்டுத் திபிலிசியிலிருந்து வந்த ஓர் ஆம்பியன்ட் ஆல்பத்தை மொத்தம் பதினொரு பேர்தான் வாங்கியிருந்தார்கள். அதில் ஒருவர், பூனையைப் புரொஃபைல் படமாக வைத்திருப்பவர், 3,000-க்கும் மேல் வாங்கிக் குவித்திருக்கிறார். அந்தப் பூனைக்காரரின் பக்கத்தை நான் நான்கு மாதமாக மேய்ந்துகொண்டிருக்கிறேன், அவருக்கு அது தெரியவே தெரியாது, நான் வாங்கிய கடைசி ஆறு ஆல்பத்தில் நான்கு அவர் புண்ணியத்தில்தான். காசு கொடுத்த ஆளின் பரிந்துரைக்கும் சும்மா லைக் போட்ட ஆளின் பரிந்துரைக்கும் உள்ள வித்தியாசம் கேட்டால்தான் தெரியும்.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. பேண்ட்கேம்ப் கை மாறிக்கொண்டே இருக்கிறது: 2022 மார்ச்சில் வீடியோ கேம் கம்பெனியான எபிக் கேம்ஸ் வாங்கியது, அடுத்த வருடமே இசை உரிமக் கம்பெனியான சாங்டிரேடருக்கு விற்றது, 2023 அக்டோபரில் ஊழியர்களில் சுமார் பாதிப் பேர் வெளியே. இப்போதைக்குத் தளம் அப்படியேதான் ஓடுகிறது, ஆனாலும் வாங்கிய அன்றே டவுன்லோடு செய்து இரண்டு இடத்தில் வைத்துக்கொள்கிறேன். தேடல் வசதி சுமார்தான். கேசட், வினைல் ஆசை வந்தால் கொஞ்சம் யோசியுங்கள், 7 டாலர் கேசட்டுக்கு 14 டாலர் தபால் செலவு பார்த்த அனுபவம் எனக்கு உண்டு, சுங்கவரி தனிக்கதை.

இசைத்தட்டுகளின் விவரங்களைத் தொகுத்து, விற்கவும் இடம் தரும் டிஸ்காக்ஸை கடையாக நினைக்காமல் ஒரு கையேடாக வைத்துக்கொள்ளுங்கள். 2000-இல் எலக்ட்ரானிக் இசைக்காக மட்டுமே ஆரம்பித்த தளம் என்பதால் நம் சரக்குக்கு அதில் தகவல் ஆழமாக இருக்கும். எந்த லேபிள், எந்த வருடம், அதே ஆள் வேறு என்னென்ன பெயரில் செய்திருக்கிறார் என்பதற்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை. டெக்னோக்காரர்களுக்கு ஆளுக்கு ஐந்து பெயர் இருக்கும்.

சரி, கிடைத்ததை அடுத்தவருக்கு எப்படிக் கொடுப்பது? இதில் நான் நிறையத் தோற்றிருக்கிறேன். 80 பாட்டு பிளேலிஸ்ட் போட்டு அனுப்பினால் 'சூப்பர்' என்று பதில் வரும், யாரும் திறந்திருக்க மாட்டார்கள். குடும்ப வாட்ஸாப் குரூப்பில் ஒருமுறை அருமையான ஒரு டிரோன் இசையை (ஒரே சுருதி நீண்டுகொண்டே போகும் வகை) அனுப்பினேன், சித்தப்பா கேட்டார்: "மைக்கில் ஏதோ கோளாறு போலிருக்கே தம்பி?" அதிலிருந்து குரூப்புக்கு எதுவும் இல்லை. ஓர் ஆள், ஒரு பாட்டு, ஒரு வரி. அந்த வரியும் 'செமயா இருக்கு' என்பதாக இருக்கக் கூடாது. '3:10 வரை பொறு, அங்கே ஒரு மணி அடிக்கும்' என்று எழுதினால் அந்த மணி வரைக்குமாவது கேட்பார்கள்.

எந்த லிங்க் என்பதும் முக்கியம். எல்லோருக்கும் திறப்பது யூடியூப், ஆனால் பாட்டு முடிவதற்குள் விளம்பரமும் பக்கத்தில் வடிவேலு காமெடியும் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், நானே போயிருக்கிறேன். பேண்ட்கேம்ப் லிங்க் ஆப் இல்லாமல், கணக்கு இல்லாமல் பிரவுசரிலேயே திறந்து பாட்டை முழுதாகப் போடும், பக்கத்தில் வேறு சத்தம் இல்லை. நெருங்கிய ஆள் என்றால் அங்கேயே ஆல்பத்தைப் பரிசாக அனுப்பும் வசதி இருக்கிறது, பிறந்தநாளுக்கு அதுதான் என் வழக்கம். விலைக்குக் கிடைக்கும் ஆல்பத்தின் ஃபைலை நான் அனுப்புவதில்லை. எங்கேயும் கிடைக்காத 1980-களின் கேசட் என்றால்... அதைப் பற்றி நேரில் பேசுவோம். ஒரு மணிநேரத் தொகுப்பாகவே செய்து பகிர ஆசை என்றால் மிக்ஸ்கிளவுட் நல்லது, டிஜே மிக்ஸ்களுக்கான உரிமத் தொகையை அந்தத் தளமே பார்த்துக்கொள்கிறது, சவுண்ட்கிளவுடில் நடப்பது போல ஏற்றிய மறுநாள் காணாமல் போகிற பயம் குறைவு.

ஆக பையனுக்கு என் தீர்ப்பு இதுதான். முதல் மூன்று மாதம் ஒரு பைசா செலவழிக்காதே, வாரம் இரண்டு மணிநேரம் வானொலி மட்டும் கேள், பிடித்த பெயர்களை நோட்டில் எழுது. இரண்டு நிகழ்ச்சியாளர்கள் தேறினால் போதும். நான்காம் மாதத்திலிருந்து மாதம் ஓர் ஆல்பம் பேண்ட்கேம்பில், 5 டாலர் என்றால் 500 ரூபாய்க்குள் அடங்கும். அவசரமில்லை என்றால் காசைச் சேர்த்துவைத்து பேண்ட்கேம்ப் ஃபிரைடே அன்றைக்கு மொத்தமாக வாங்கு. 2020 மார்ச்சில் கொரோனா காலத்தில் தொடங்கிய ஏற்பாடு, அன்று அவர்கள் தங்கள் 15 சதவீதத்தை விட்டுக்கொடுக்கிறார்கள், இப்போது எல்லா மாதமும் வருவதில்லை, தேதிகளை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அமெரிக்க மேற்குக்கரை நேரப்படி நள்ளிரவில் தொடங்குவதால் நமக்கு வெள்ளி மதியம் 12:30, அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும் குளிர்காலத்தில் 1:30. நல்ல சாப்பாட்டு நேரம்.

ஒரே ஒரு முன்னெச்சரிக்கை. நான் முதல்முறை கூடையில் ஆறு ஆல்பத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது கார்டு மூன்று தடவை திருப்பி அடித்தது, வங்கிக்குப் போன் போட்டு நாற்பது நிமிடம் அவர்களுடைய காத்திருப்பு இசையைக் கேட்டேன் (அதுவும் ஒருவகை எலக்ட்ரானிக்தான்). கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆன் ஆகியிருக்கிறதா என்று வியாழக்கிழமை இரவே பார்த்துவிடு.